ஹைபர்னேட்டுக்கு ஏற்ற ஜாவா வலை முகப்புச் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜாவா மொழியில் எழுதப்படும் வலைச் செயலிகளில் தரவுத்தளத்தோடு பேசும் பகுதியை நிலைப்பு அடுக்கு என்பர். உலாவியில் தெரியும் பக்கங்களை உருவாக்கி, பயனர் தரும் விவரங்களை வாங்கும் பகுதி முகப்பு எனப்படும். நிலைப்பு அடுக்கை ஹைபர்னேட் போன்ற பொருள்-உறவு இணைப்புக் கருவியால் அமைத்த பின், அதன் மேல் எந்த முகப்புச் சட்டகத்தை வைப்பது என்ற கேள்வி எழுகிறது. ஸ்ட்ரட்ஸ், ஸ்பிரிங் எம்.வி.சி., ஜே.எஸ்.எஃப்., விக்கெட், வாடின் என்று ஜாவாவிலேயே பல உண்டு. ரியாக்ட், ஆங்குலர் போன்று உலாவியில் இயங்குபவை தனி.

பக்கம் பார்க்க எப்படி இருக்கிறது, ஆயத்தக் கூறுகள் எத்தனை, தெரிந்த ஆட்கள் கிடைப்பார்களா என்பவற்றை வைத்தே பெரும்பாலும் இத்தேர்வு முடிவாகிறது. இவையும் வேண்டியவைதான். ஆனால் ஹைபர்னேட்டுடன் ஒத்துப்போகுமா என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு கேள்விகள். ஹைபர்னேட் திறந்த அமர்வு, பக்கம் முழுதும் எழுதி முடிவதற்கு முன்பே மூடப்படுகிறதா, பின்பு மூடப்படுகிறதா? பயனரின் ஒரு சொடுக்குக்கும் அடுத்த சொடுக்குக்கும் இடையே, திருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் பொருள் யார் கையில் இருக்கிறது? முதல் கேள்விக்குத் தவறான விடை அமைந்தால் பக்கம் பிழையோடு நிற்கும். அது உடனே கண்ணில் படும். இரண்டாவதற்குத் தவறான விடை அமைந்தால் ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவரின் திருத்தம் ஓசையின்றி அழிக்கும். அது மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருக்கக்கூடும்.

நிலைப்பு அடுக்கு செய்யும் வேலை

உறவுசார் தரவுத்தளத்தில் விவரங்கள் அட்டவணைகளாக இருக்கின்றன. ஜாவா நிரலில் அவை ஒன்றையொன்று சுட்டும் பொருள்களாக இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பதே பொருள்-உறவு இணைப்பு. ஜாவா உலகில் இதைப் பரவலாக்கியது கேவின் கிங் 2001இல் தொடங்கிய ஹைபர்னேட். அதன் கருத்துகள் பலவற்றை உள்வாங்கி 2006இல் ஜே.பி.ஏ. என்ற பொதுத் தரம் வெளிவந்தது. இன்று அத்தரத்தின் பெயர் ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ்.

முகப்பைத் தேர்ந்தெடுப்பவர் இக்கருவியைப் பற்றி அறிய வேண்டிய மையக் கருத்து, பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்ட் எனப்படும் நிலைப்புச் சூழல். ஹைபர்னேட் இதை அமர்வு என்று அழைக்கிறது. உலாவிப் பயனருக்காக வழங்கி வைத்திருக்கும் எச்.டி.டி.பி. அமர்வு வேறு, இது வேறு. பெயர் ஒற்றுமையால் குழம்பக் கூடாது. இக்கட்டுரையில் அமர்வு என்று மட்டும் சொன்னால் அது ஹைபர்னேட்டின் அமர்வையே குறிக்கும்.

அமர்வு திறந்திருக்கும் வரை மூன்று வசதிகள் கிடைக்கின்றன. தரவுத்தளத்தின் ஒரு பதிவுக்கு நினைவகத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கும். இருமுறை கேட்டாலும் அதே பொருள் வரும். அப்பொருளில் நிரல் ஏதேனும் மாற்றினால், சேமி என்று சொல்லாமலேயே பரிவர்த்தனை முடிவில் அம்மாற்றம் தரவுத்தளத்துக்குப் போகும். பொருளோடு தொடர்புடைய பிற பொருள்கள் முதலிலேயே ஏற்றப்படாமல், தொடும்போது மட்டும் ஏற்றப்படும். கடைசி வசதியைச் சோம்பல் ஏற்றம் என்பர்.

அமர்வு மூடியதும் அதுவரை ஏற்றப்பட்ட பொருள்கள் பிரிந்த நிலைக்குப் போகின்றன. பொருள் கையில் இருக்கும், படிக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றம் எங்கும் போய்ச் சேராது. ஏற்றப்படாத பகுதியைத் தொட்டால் லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன் என்ற பிழை எழும். ஹைபர்னேட்டோடு வலைச் செயலி எழுதிய எவரும் இப்பிழையைப் பார்க்காமல் தப்பியிருக்க மாட்டார்கள்.

பக்கம் பாதியில் நிற்பது

ஒரு நூல் விற்பனை நிலையத்தின் ஆர்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் ஒன்றுக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. பல ஆர்டர் வரிகள் உண்டு. ஒவ்வொரு வரியும் ஒரு நூலைச் சுட்டும். சேவை அடுக்கு ஆர்டரை ஏற்றித் தருகிறது, பரிவர்த்தனையை முடிக்கிறது, அமர்வை மூடுகிறது. அதன் பின்பே பக்க வார்ப்புரு வேலையைத் தொடங்குகிறது. தலைப்பில் ஆர்டர் எண் ஒழுங்காக வரும். வரிகளைக் காட்டும் இடம் வந்ததும், அவை இன்னும் ஏற்றப்படாதவை என்பதால் பிழை எழுந்து பக்கம் நின்றுவிடும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் மருந்து, பக்கம் எழுதி முடியும் வரை அமர்வைத் திறந்தே வைப்பது. இது ஓப்பன் செஷன் இன் வியூ என்ற பெயரால் அறியப்படுகிறது. ஸ்பிரிங் பூட் இதை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. 2018இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, தொடங்கும்போதே அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் பதிவேட்டில் எழுதுகிறது. தானே இயக்கிவிட்டுத் தானே எச்சரிப்பது விநோதமாகத் தோன்றலாம். அணைத்து வைத்தால் பழைய செயலிகள் பல அன்றே நின்றுபோகும் என்பதை நினைத்தால் அதன் நியாயம் புரியும்.

இம்முறையால் பிழை மறைகிறது, செலவு மறைவதில்லை. ஒரு பக்கத்தில் 50 ஆர்டர்களைப் பட்டியலிடுகிறோம், ஒவ்வொன்றும் வெவ்வேறு வாடிக்கையாளருடையது என்று கொள்வோம். பட்டியலை எடுக்க 1 வினவல், வாடிக்கையாளர் பெயர்களுக்கு 50, ஒவ்வோர் ஆர்டரின் வரிகளுக்கு இன்னொரு 50 என மொத்தம் 101 வினவல்கள் போகும். வார்ப்புருவில் ஒரு புலத்தைக் கூட்டிய வடிவமைப்பாளருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. நிரலரின் கணினியில் 3 ஆர்டர்களை வைத்துச் சோதிக்கும்போதும் தெரியாது. பக்கம் எழுதி முடியும் வரை தரவுத்தள இணைப்பும் பிடித்து வைக்கப்படலாம் என்பதால், கூட்டம் மிகுந்த நேரத்தில் மற்ற வேண்டுகோள்கள் இணைப்புக்காகக் காத்துக் கிடக்கும்.

இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. அமர்வு திறந்திருக்கையில் பரிவர்த்தனைக்கு வெளியே ஒரு பொருளை மாற்றினால், அப்போதைக்கு எதுவும் நடக்காது. ஆனால் அதே வேண்டுகோளில் பிறகு வேறு வேலைக்காக ஒரு பரிவர்த்தனை தொடங்கி முடிந்தால், முன்பு தொட்ட மாற்றமும் அதனோடு சேர்ந்து தரவுத்தளத்துக்குப் போய்விடும். காட்சிக்காக மட்டும் பெயரைப் பெரிய எழுத்தாக மாற்றிய ஒரு வரி, வாடிக்கையாளரின் பெயரையே நிரந்தரமாக மாற்றிவிடும்.

இரண்டாவது மருந்து, பக்கத்துக்கு எவை தேவை என்பதை முன்னரே சொல்லி ஒரே மூச்சில் ஏற்றுவது. ஜே.பி.ஏ. வினவல் மொழியில் இதற்கு ஜாயின் ஃபெட்ச் உண்டு. 2013இல் வந்த 2.1 பதிப்பு முதல் என்டிட்டி கிராஃப் உண்டு. ஒரு பொருளின் விவரப் பக்கத்துக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும் பட்டியலில், வரிகளையும் சேர்த்து இழுத்தால் ஹைபர்னேட் எல்லாவற்றையும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து அங்கேதான் பிரிக்கும். அவ்விடத்தில் முதலில் 20 ஆர்டர்களின் எண்களை மட்டும் எடுத்து, பின் அந்த 20க்கு மட்டும் வரிகளை எடுப்பது நல்லது.

மூன்றாவது, பட்டியலுக்குப் பொருளையே ஏற்றாமல் வேண்டிய நான்கைந்து புலங்களை மட்டும் கொண்ட சிறு வகுப்பு ஒன்றை வினவலிலிருந்து நேரே நிரப்புவது. மார்ட்டின் ஃபவ்லர் 2002இல் வெளியிட்ட நிறுவனச் செயலிகளின் வடிவங்கள் பற்றிய நூல் வழியாகப் பரவிய டி.டி.ஓ. என்ற பெயரையே இவ்வகைச் சிறு வகுப்புகளுக்கும் வழங்குகின்றனர். ஜாவா 16இல் நிலைபெற்ற ரெக்கார்டு வகைகள் வந்த பின் இவற்றை எழுதுவது ஒரு வரி வேலையாகிவிட்டது. பட்டியல் பக்கங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே சொல்லலாம்.

இரண்டு சொடுக்குகளுக்கு இடையே

பக்கம் நிற்பது கண்ணுக்குத் தெரியும் நோய். திருத்தம் தொலைவது தெரியாத நோய். அதே நூல் நிலையத்தில் ஓர் ஊழியர் ஆர்டரைத் திறந்து முகவரியைத் திருத்தத் தொடங்குகிறார். இடையில் தொலைபேசி வருகிறது. அதற்குள் இன்னோர் ஊழியர் அதே ஆர்டரைத் திறந்து, 10 படிகள் என்பதை 100 என்று மாற்றிச் சேமிக்கிறார். முதலாமவர் பேசி முடித்து வந்து தம் பக்கத்தைச் சேமிக்கிறார். அவர் திரையில் இன்னும் 10தான் இருந்தது. படிவம் முழுவதும் எழுதப்படுவதால் 100 மீண்டும் 10 ஆகிறது. இருவருக்கும் வெற்றி என்ற செய்திதான் வந்தது. பள்ளி திறக்கும் நாளில் 90 நூல்கள் குறையும்போதுதான் கதை வெளிவரும்.

இதைத் தடுக்க ஜே.பி.ஏ. தரும் வழி பதிப்பு எண். வகுப்பில் ஒரு புலத்துக்கு வெர்ஷன் என்ற குறிப்பை இட்டால், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் எண் ஒன்று கூடும். சேமிக்கும் வினவல், நான் ஏற்றியபோது இருந்த எண் இப்போதும் இருந்தால் மட்டும் மாற்று என்று கேட்கும். எண் மாறியிருந்தால் ஆப்டிமிஸ்டிக் லாக் எக்செப்ஷன் எழும். முதல் ஊழியரிடம், இந்த ஆர்டரை வேறொருவர் திருத்தியுள்ளார், மீண்டும் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். எந்த நேரத்திலும் எதுவும் பூட்டப்படுவதில்லை என்பதால் யாரும் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இங்கேதான் முகப்புச் சட்டகத்தின் பங்கு வருகிறது. முதல் ஊழியர் பக்கத்தைத் திறந்தபோது இருந்த பதிப்பு எண், அவர் சேமிக்கும் வரை எங்கேயாவது பத்திரமாக இருக்க வேண்டும். படிவத்தில் மறைபுலமாக இருக்கலாம், எச்.டி.டி.பி. அமர்வில் பிரிந்த பொருளோடு இருக்கலாம், உலாவியின் நினைவகத்தில் இருக்கலாம். எங்குமே இல்லாவிட்டால், வெர்ஷன் குறிப்பு வகுப்பில் இருந்தும் பயனில்லை. ஏனெனில் சேமிக்கும் நொடியில் ஆர்டரைப் புதிதாக ஏற்றி அதில் புலங்களை நிரப்பினால், ஒப்பிடப்படுவது அந்த நொடியின் எண்ணோடுதான். ஒப்பீடு எப்போதும் வெற்றி பெறும்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. மறைபுலத்திலிருந்து வந்த பழைய எண்ணை, புதிதாக ஏற்றிய பொருளின் பதிப்புப் புலத்தில் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பர். போதாது. ஹைபர்னேட் ஒப்பிடுவது தான் ஏற்றியபோது கண்ட எண்ணை. நிரலர் மாற்றி வைத்த எண்ணை அது பொருட்படுத்துவதில்லை. எனவே இரண்டு எண்களையும் நிரலே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது பழைய எண்ணோடு கூடிய பிரிந்த பொருளை மெர்ஜ் செயல்வழியே இணைக்க வேண்டும். இரண்டாவது வழியில் பொருளின் எல்லாப் புலங்களும் நிரம்பியிருக்க வேண்டும். படிவத்தில் இல்லாத புலம் வெற்றாக இருந்தால் அந்த வெறுமையும் தரவுத்தளத்துக்குப் போகும்.

வேண்டுகோள் வழிச் சட்டகங்கள்

உலாவியிலிருந்து ஒரு வேண்டுகோள் வரும், ஒரு செயல்வழி ஓடும், ஒரு பக்கம் திரும்பும், அதோடு எல்லாம் மறக்கப்படும் என்ற அமைப்பு கொண்டவை இவை. 2000இல் அப்பாச்சிக்கு வழங்கப்பட்ட ஸ்ட்ரட்ஸ் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. அதன் முதல் தலைமுறையில் ஒவ்வொரு படிவத்துக்கும் ஆக்‌ஷன் ஃபார்ம் என்ற வகுப்பிலிருந்து பிறந்த தனி வகுப்பு வேண்டியிருந்தது. ஹைபர்னேட்டின் வகுப்பை நேரே படிவமாக்க வழியில்லாததால் அதே புலங்களை இரண்டாம் முறை எழுதி, அங்கிருந்து இங்கு நகலெடுக்க வேண்டும். நிரலர்கள் இதைத் தண்டனையாகவே கருதினர். வெப்வொர்க்கை அடியாகக் கொண்டு 2007இல் நிலைபெற்ற ஸ்ட்ரட்ஸ் 2 இத்தடையை நீக்கியது. எண்ணை முதலில் வாங்கி, பொருளைத் தரவுத்தளத்திலிருந்து ஏற்றி, அதன் பின் மற்றப் புலங்களை நிரப்பும் வரிசை ஒன்றையும் அது ஆயத்தமாகத் தந்தது. அவ்வரிசை ஹைபர்னேட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

இன்று இவ்வகையில் முதலிடம் ஸ்பிரிங் எம்.வி.சி.க்கு. தைம்லீஃப் போன்ற வார்ப்புருவோடு சேர்த்தால், ஹைபர்னேட்டோடு சண்டை மிகக் குறைவாக வரும் இணை இதுவே. காரணம் எளிது: அமர்வின் ஆயுளும் வேண்டுகோளின் ஆயுளும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு சொடுக்குகளுக்கு இடையே வழங்கியில் எந்தப் பொருளும் தங்குவதில்லை. பதிப்பு எண்ணுக்கு மறைபுலம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது படிவம் நிரப்பும் வசதியை. உலாவி அனுப்பும் பெயர்களைப் பார்த்து, அதே பெயருள்ள புலங்களைச் சட்டகம் தானே நிரப்புகிறது. படிவத்தில் முகவரி மட்டும் இருந்தாலும், விஷமி ஒருவர் தள்ளுபடி என்ற பெயரையும் சேர்த்து அனுப்பலாம். நிரம்புவது ஹைபர்னேட்டின் பொருளாக இருந்தால் அத்தள்ளுபடி நேரே தரவுத்தளத்தில் ஏறும். 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் ஒரு பயனர், ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தின் இதே மாதிரி வசதியைப் பயன்படுத்தித் தமக்கு உரிமையில்லாத களஞ்சியத்தில் எழுதிக் காட்டினார். மொழி வேறு, ஓட்டை ஒன்றே. அனுமதித்த புலங்களை மட்டும் ஏற்கும்படி ஸ்பிரிங்கில் அமைக்கலாம். அதைவிட, திருத்தப் படிவத்துக்கென்று சிறு வகுப்பு ஒன்றை எழுதிவிடுவது நிம்மதி. ஸ்ட்ரட்ஸின் ஆக்‌ஷன் ஃபார்மைத் திட்டியவர்கள் கடைசியில் அதன் அருகிலேயே வந்து நிற்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜே.எஸ்.எஃப்., சீம்

ஜே.எஸ்.எஃப். 2004இல் தரமாக வெளிவந்தது. இங்கே பக்கம் என்பது வழங்கியில் வாழும் கூறுகளின் மரம். படிவம் திரும்பி வரும்போது ஆறு கட்டங்கள் நடக்கின்றன: மரத்தை மீட்டல், மதிப்புகளை வாங்குதல், சரிபார்த்தல், மாதிரிப் பொருளில் எழுதுதல், வணிகச் செயலை ஓட்டுதல், பக்கத்தை வரைதல். இவற்றில் நான்காவதும் ஐந்தாவதும் ஹைபர்னேட் பயன்படுத்துபவர் நினைவில் வைக்க வேண்டியவை. மாதிரிப் பொருள் என்பது அமர்வோடு ஒட்டியிருக்கும் ஆர்டராக இருந்தால், இருப்பில் போதிய நூல்கள் உண்டா என்று ஐந்தாம் கட்டத்தில் பார்ப்பதற்கு முன்பே, நான்காம் கட்டத்தில் அதன் எண்ணிக்கை மாறிவிட்டது. இருப்பு இல்லை என்று செய்தி காட்டிவிட்டு நிரல் திரும்பினாலும், பரிவர்த்தனை இயல்பாக முடிந்தால் மாற்றம் தரவுத்தளத்துக்குப் போய்விடும். திரையில் மறுப்பு, தரவுத்தளத்தில் ஏற்பு.

இச்சிக்கலுக்கு ஹைபர்னேட்டைத் தொடங்கிய கேவின் கிங்கே ஒரு தீர்வு எழுதினார். அதன் பெயர் சீம்; முதல் பதிப்பு 2006இல் வந்தது. அது உரையாடல் என்ற புதிய ஆயுளை அறிமுகம் செய்தது. ஊழியர் ஆர்டரைத் திறந்து, மூன்று பக்கங்களில் திருத்தி, உறுதி செய்யும் வரை ஓர் உரையாடல். அந்த முழு நேரமும் ஒரே நிலைப்புச் சூழல் உயிரோடு இருக்கும். ஆகவே சோம்பல் ஏற்றப் பிழை எழாது. முதலில் ஏற்றிய பதிப்பு எண்ணும் கடைசி வரை அப்படியே இருக்கும். நிரல் சொல்லும் வரை எதையும் தரவுத்தளத்துக்கு எழுதாதே என்று ஹைபர்னேட்டுக்குக் கட்டளையிடலாம் என்பதால் மேலே சொன்ன வழுவும் வராது. ஆனால் இக்கைமுறை எழுதல் ஹைபர்னேட்டின் தனி வசதி, ஜே.பி.ஏ. தரத்தில் அது இல்லை. வேறு கருவிக்கு மாற நினைப்பவர்களுக்கு இது ஒரு முள்.

சீம் இன்று வளர்ச்சியில் இல்லை. அதன் உரையாடல் கருத்து மட்டும் 2009 இறுதியில் ஜாவா ஈஈ 6இல் வந்த சி.டி.ஐ. தரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. உரையாடலின் விலை நினைவகம்: ஒவ்வொரு பயனரின் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு நிலைப்புச் சூழல் வழங்கியில் உட்கார்ந்திருக்கும். 200 ஊழியர்கள் பயன்படுத்தும் அலுவலகச் செயலிக்கு இது பொருட்டல்ல. யார் வேண்டுமானாலும் வரும் பொதுத் தளத்துக்குப் பொருந்தாது.

சின்னதாகத் தோன்றும் இன்னொரு தொல்லை, கீழ்விரி பட்டியல். வாடிக்கையாளர்களைக் காட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உலாவியிலிருந்து வரும் சொல்லை மீண்டும் வாடிக்கையாளர் பொருளாக்க ஒரு மாற்றி எழுத வேண்டும். அப்பொருளும் பட்டியலில் இருப்பதும் ஒன்றே என்று ஈக்குவல்ஸ் செயல்வழி சொல்ல வேண்டும். இல்லையேல் செல்லாத மதிப்பு என்ற செய்தி வரும். ஹைபர்னேட் தரும் பொருள் சில நேரம் அசல் வகுப்பாக இல்லாமல் பதிலி வகுப்பாக இருப்பதால், இரண்டின் வகுப்பும் ஒன்றா என்று கண்டிப்பாகப் பார்க்கும் ஈக்குவல்ஸ் இங்கே தோற்றுவிடும்.

விக்கெட்

விக்கெட்டிலும் பக்கங்கள் வழங்கியில் வாழ்கின்றன. அவை தொடராக்கப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. பக்கத்தின் கூறு ஒன்று ஆர்டர் பொருளைப் புலமாகப் பிடித்து வைத்திருந்தால், அதன் வரிகள், பதிலிகள் எல்லாம் சேர்ந்து தொடராக்கப்படும். இதற்காகவே விக்கெட் ஏற்றிக் கழற்றும் மாதிரி ஒன்றைத் தருகிறது. அது ஆர்டர் எண்ணை மட்டும் நினைவில் வைத்து, தேவைப்படும்போது பொருளை ஏற்றி, வேண்டுகோள் முடிந்ததும் கைவிட்டுவிடும். ஹைபர்னேட்டின் போக்கை நன்கு உணர்ந்த வடிவமைப்பு இது.

ஆயினும் முன்பு சொன்ன பதிப்பு எண் சிக்கல் இங்கே மறைவாக நுழைகிறது. படிவம் திரும்பி வரும்போது மாதிரி ஆர்டரைப் புதிதாக ஏற்றுவதால், கிடைப்பது அந்த நொடியின் பதிப்பு. எண்ணோடு பதிப்பையும் நினைவில் வைக்கும்படி மாதிரியை விரித்து எழுதினால் சரியாகும். பத்து வரி வேலைதான். அதைச் செய்யாத விக்கெட் செயலியில் கடைசியாகச் சேமித்தவர் சொல்வதே சட்டம்.

ஜி.டபிள்யூ.டி., வாடின்

கூகுள் 2006இல் வெளியிட்ட ஜி.டபிள்யூ.டி., ஜாவா நிரலை உலாவிக்கான ஜாவாஸ்கிரிப்டாக மாற்றியது. இரு பக்கமும் ஜாவா என்பதால் ஆர்டர் பொருளையே உலாவிக்கு அனுப்பலாம் என்று பலர் நம்பினர். ஹைபர்னேட் தன் சொந்தப் பட்டியல் வகுப்புகளையும் பதிலிகளையும் பொருளுக்குள் வைத்திருப்பதால் அது தடுமாறியது. அதைச் சரிசெய்யவே தனி நூலகங்கள் எழுதப்பட்டன. மொழி ஒன்றாக இருந்தால் மட்டும் எல்லை மறைந்துவிடாது என்பதை அக்காலச் செயலிகள் காட்டின.

வாடின் வேறு வழி சென்றது. திரையின் நிலை முழுவதும் வழங்கியில் இருக்கிறது. உலாவி வரைவதை மட்டும் செய்கிறது. பொருள்கள் வழங்கியை விட்டு வெளியேறுவதே இல்லை என்பதால் மாற்றித் தரும் வகுப்புகள் இன்றியே வேலை நடக்கும். ஆனால் திரை மணிக்கணக்கில் திறந்திருக்கும். அமர்வு அவ்வளவு நேரம் திறந்திருக்க முடியாது. எனவே வாடினில் இருப்பவை எப்போதும் பிரிந்த பொருள்கள் என்று கருதியே எழுத வேண்டும். வெப்சாக்கெட் வழியே வரும் செய்திகள் வழக்கமான வடிகட்டிகளைக் கடந்து செல்வதில்லை. ஆகவே ஓப்பன் செஷன் இன் வியூ இங்கு நம்பத்தக்கதல்ல. தேவையானதை முன்னரே ஏற்றி, பிரிந்த பொருளைத் திரையில் வைத்து, சேமிக்கும்போது மெர்ஜ் செய்தால் பதிப்பு எண் தானாகவே கூட வரும். உள் அலுவலகப் பயன்பாடு, படிவங்கள் நிறைய, ஜாவா மட்டும் தெரிந்த சிறு குழு என்ற நிலையில் இதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

உலாவியிலேயே இயங்கும் முகப்பு

ரியாக்ட், ஆங்குலர் முதலியவற்றைத் தேர்ந்தெடுத்தால் ஜாவா பக்கம் ஜேசன் வடிவில் விவரம் தருவதோடு நின்றுவிடும். பெரும்பாலான புதிய திட்டங்கள் இவ்வழியில் செல்கின்றன. இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, ஹைபர்னேட்டின் பொருளை அப்படியே ஜேசனாக்குவது. ஜேசனாக்கும் ஜாக்சன் நூலகம் ஒவ்வொரு புலமாகத் தொடும். தொட்டால் ஏற்றம் நடக்கும். ஆர்டர் வாடிக்கையாளரைச் சுட்ட, வாடிக்கையாளர் தம் எல்லா ஆர்டர்களையும் சுட்ட, ஒரு ஆர்டரைக் கேட்டவருக்குப் பாதித் தரவுத்தளம் வரும். அல்லது சுற்றிச் சுற்றி அடுக்கு நிரம்பி நிரல் விழும்.

இதற்குத் தற்காலிக ஒட்டு, ஏற்றாத பகுதிகளை வெற்றாக அனுப்பும் ஜாக்சன் இணைப்பைப் பயன்படுத்துவது. படிக்க மட்டும் என்றால் சரி. ஆனால் உலாவி அதே ஆர்டரைத் திருத்தித் திருப்பி அனுப்பும்போது, வரிகள் இருந்த இடத்தில் வெற்றுப் பட்டியல் வந்தால் என்ன ஆகும்? தாயில்லாப் பிள்ளைகளை நீக்கும் ஆர்ஃபன் ரிமூவல் அமைப்பு இயக்கத்தில் இருந்து, அதை மெர்ஜ் செய்தால், ஆர்டரின் எல்லா வரிகளும் அழிந்துபோகும். முகவரியைத் திருத்தியவர் ஆர்டரையே காலி செய்திருப்பார்.

ஆகவே இவ்வழியில் டி.டி.ஓ. கட்டாயம். அவற்றை எழுதும் உழைப்புக்கு மனமில்லாத குழு இவ்வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே மேல். பதிப்பு எண்ணையும் ஜேசனில் ஒரு புலமாகவோ, எச்.டி.டி.பி.யின் ஈடேக் தலைப்பாகவோ அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். அமர்வைப் பொறுத்தவரை இதுதான் மிகத் தூய்மையான அமைப்பு. ஜேசனாக்கும் முன்பே அமர்வை மூடிவிடலாம். ஓப்பன் செஷன் இன் வியூவை முதல் நாளே அணைத்துவிடலாம்.

சோதித்துப் பார்க்கும் முறை

சட்டகங்களின் அறிமுகப் பாடங்களில் வரும் செயலிகளுக்குப் பெரும்பாலும் ஒரே அட்டவணைதான். அதில் எல்லாச் சட்டகமும் இனிமையாகவே இருக்கும். தேர்வுக்கு முன், உங்கள் செயலியின் உண்மையான வகுப்புகளில் மூன்றை எடுத்து ஓர் ஆர்டர் பக்கத்தைக் கட்டிப் பாருங்கள். ஒரு வாரம் போதும். ஹைபர்னேட் அனுப்பும் எஸ்.கியூ.எல். வினவல்களைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு, 50 ஆர்டர்கள் கொண்ட பட்டியலைத் திறந்து எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் எங்கே போகிறது என்று தேடுங்கள். பின் இரண்டு உலாவிகளில் ஒரே ஆர்டரைத் திறந்து, ஒன்றில் எண்ணிக்கையையும் மற்றதில் முகவரியையும் மாற்றி அடுத்தடுத்துச் சேமியுங்கள். இரண்டாவதற்கு எச்சரிக்கை வர வேண்டும். ஒரு வரியை நீக்கி, ஒரு வரியைச் சேர்த்து, வேண்டுமென்றே தவறான எண்ணிக்கை இட்டுச் சேமியுங்கள். பிழைச் செய்தி வந்த பின் தரவுத்தளத்தில் எதுவும் மாறியிருக்கக் கூடாது. கடைசியாகப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வழங்கியை நிறுத்தி மீண்டும் தொடங்கிவிட்டு, சேமியை அழுத்துங்கள். வழங்கியில் நிலையை வைக்கும் சட்டகங்கள் அப்போது எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பயனர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்ப்பது நல்லது.

பதிப்புப் பொருத்தத்தையும் அந்த வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9, பழைய ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் தொகுப்புப் பெயர்களை ஜகார்த்தா என்று மாற்றிவிட்டது. ஹைபர்னேட் 6, 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3, வாடின் 24, விக்கெட் 10 ஆகியவை புதிய பெயர்களைப் பயன்படுத்துபவை. இவற்றில் ஒன்றைப் பழைய பெயர்களில் நிற்கும் முகப்பு நூலகத்தோடு சேர்த்தால் தொகுக்கும்போதே பிழை வரும், அல்லது தொகுத்த பின் வகுப்பைக் காணோம் என்று ஓடும்போது நிற்கும். ஏற்கெனவே ஹைபர்னேட் 5இல் ஓடும் செயலிக்கு முகப்பை மட்டும் மாற்றப் போகிறவர்கள், நிலைப்பு அடுக்கையும் 6க்கு உயர்த்தும் செலவைச் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கும்.